நிழல் தெற்கே விழும் ஊர்

மரத்தில் பாசி படர்ந்திருக்கும் பக்கம் வடக்கு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணனை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

இடைநிலைப்பள்ளிக் காலத்தில் ஒரு தன்முனைப்பு முகாம். திசைகாட்டி இல்லாமல் திசை அறிவது எப்படி என்று காட்டோரத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். அவர் சாய்ந்து நின்ற மரத்தைப் பாசி சுற்றிலும் சட்டை போட்டதுபோல் மூடியிருந்தது. எங்களில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

பாசிக்குத் திசை தெரியாது, ஈரம்தான் தெரியும். ஐரோப்பாவில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கு வானத்திலேயே போகும். அதனால் மரத்தின் வடபக்கம் நிழலாக, ஈரமாக இருக்கும். அங்கேயே அதை முழுசாக நம்ப முடியாது. தலைக்கு மேல் வெயிலும் வருஷம் முழுக்க மழையுமாக இருக்கும் நம் காட்டில் அதற்கு என்ன வேலை?

அடுத்த பாடம் இன்னும் மோசம். நண்பகலில் நிழல் விழும் பக்கம் வடக்காம். பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டில், ஒரு ஜூன் மாதம், நாங்கள் ஐந்து பேர் சிலாங்கூரில் ஒரு மலையில் வழி தவறினோம். கைத்தொலைபேசிகள் செத்துவிட்டன. ரோடு வடக்கே இருப்பது மட்டும் தெரியும். வெட்டவெளியில் குச்சி நட்டேன், நிழல் போன பக்கம் எல்லாரையும் நடத்திக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் கழித்து ஒருத்தன் கேட்டான்: "டேய், வடக்கால போனா வெயில் இடது பக்கமில்ல அடிக்கணும்?" வெயில் வலது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து ரோட்டைத் தொட்டபோது இருட்டிவிட்டது. ஒரு தோழிக்குக் கால் பிசகி, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தோம்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரைக்கும் இங்கே உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் கடைசியில் ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் சுமார் 37 சென்டிமீட்டர், தெற்கே விழும். டிசம்பரில் அரை மீட்டர், வடக்கே. நம் கடிகாரத்தில் அந்த உச்சிவேளைகூடப் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் நேரத்தைச் சபா, சரவாக்கோடு சேர்க்க அரை மணி முன்னால் தள்ளினார்கள். நான் பொறியியல் படித்தவன், இந்தக் கணக்கு எனக்குப் பத்து நிமிட வேலை. மலையில் அது எனக்குத் தோன்றவே இல்லை. நோட்டில் இருந்ததே, போதாதா?

இலக்கியம் எழுதுகிற நாமும் இதில் யோக்கியம் இல்லை. தோட்டத்து லயத்து வாசலில் நின்று துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும் கிழவரை நானே ஒரு சிறுகதையில் எழுதியிருக்கிறேன். அந்த நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் 3 பாகை. கையை நீட்டினால் இரண்டு விரல் உயரம். ஒரு செம்பனை மரம் போதும் அதை மறைக்க. என் கிழவர் பார்த்தது வானத்தையே இல்லை, நான் படித்த புத்தகத்தை.

கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு நடுவார்கள். சுற்றிலும் ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடம் மேற்கு, மாலையில் தொடும் இடம் கிழக்கு. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் முடிந்தது. சூரியன் வடக்கே நிற்கிறதா தெற்கே நிற்கிறதா என்று இந்த முறை கேட்பதே இல்லை. உடனே "நம் முன்னோர்கள் அப்பவே" என்று ஆரம்பிக்க வேண்டாம். அரபு வானியலாளர்கள் இதையே 'இந்திய வட்டம்' என்று பெயர் சொல்லி, கிப்லாத் திசை கணிக்க எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் மே 28 மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் காபாவுக்கு நேர் மேலே நிற்கும்போது, நம் நாட்டில் நிழலை வைத்துக் கிப்லாவைச் சரிபார்க்கிறார்கள். வெளியே வந்து பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் பொறாமை.

நமக்கும் இல்லாமல் போகவில்லை. ஓரையனின் இடுப்பில் நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். மலாய்க்காரர்கள் திருக்கை மீனாகப் பார்த்த 'பாரி' மே மாத இரவுகளில் தெற்கைக் காட்டும். ஆரம்பப் பள்ளி அறிவியலிலேயே இதெல்லாம் வந்தது. மனப்பாடம் செய்தோம், மதிப்பெண் வாங்கினோம். ஒரு ராத்திரிகூட யாரும் எங்களைத் திடலில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னதில்லை. டவுனில் என்றால் மாடியில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டே போதும். கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து, கொஞ்சம் மேற்கால சாய்ந்திருக்கும்.

அடர்காட்டுக்குள் இதில் எதுவும் உதவாது. வானமே தெரியாது. அங்கே உட்கார்ந்து ஆள் வரக் காத்திருப்பதுதான் சரி. அன்றைக்கு நாங்களும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

போன மாதம் அதே அண்ணனின் முகாம் அறிவிப்பு வாட்ஸாப்பில் வந்தது. பாசி படம் அப்படியே இருந்தது. "அண்ணே, ஜூன்ல நம்ம ஊர்ல உச்சி நிழல் தெற்காலதானே விழும்?" என்று கேட்டேன்.

"தம்பி, அது புக்குல இருக்கு லா."

எந்த புக் என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.