உம்மும்மாவிடம் யார் கேட்டார்கள்?

எங்கள் வீடுகளில் வயதானவர்களுக்கு வருத்தம் வந்தால், அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைப் பற்றித் தெரிந்திருக்கும். கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் எக்ஸ்ரே படமே போய்விடும். கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும், "ஒன்றுமில்லை, சின்ன ஒப்பரேசன்தான்." அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனாலும் அது நியாயமல்ல என்பது என் கருத்து.

என் உம்மும்மாவுக்கு வயது 79. சுபஹுக்கு வுழூ எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டருகே தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. சீனி வருத்தமும் இருதய வருத்தமும் ஏற்கெனவே உண்டு. ஒப்பரேசன் செய்வது ஆபத்து, செய்யாமல் விடுவதும் ஆபத்து என்றார் வைத்தியர்.

இந்த இரண்டாவது ஆபத்தை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. "இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா?" என்று கேட்பவர்கள், படுக்கையைப் பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறார்கள். அசையாமல் கிடக்கும் முதியவருக்கு நியூமோனியா வரலாம், காலில் இரத்தம் உறையலாம், முதுகில் புண் வைக்கலாம். அதனால்தான் உடம்பு இடம் கொடுத்தால் ஓரிரு நாளில் ஒப்பரேசன் செய்து, மறுநாளே எழுப்பி நடக்க வைக்கப் பார்க்கிறார்கள். உம்மும்மாவுக்கு, இரத்தம் உறையாமலிருக்கப் பாவித்த குளிசையை நிறுத்திச் சில நாள் பொறுக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் மாமாமார் இரவிரவாகப் பேசினார்கள். பணம், இரத்தம் கொடுக்க ஆள், கொழும்புக்குக் கொண்டு போவதா இல்லையா. உம்மாவும் சாச்சியும் தேத்தண்ணி ஊற்றினார்கள். உம்மும்மா, கணவர் மௌத்தான பின் தையல் மெஷினை மிதித்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். காணி உறுதியை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ஒப்பமிட்டவர். தன் இடுப்பைப் பற்றிப் பேச அவரை மட்டும் ஒருவரும் அழைக்கவில்லை.

வைத்தியர் விடுதிக்கு வந்து சிங்களத்தில் விளக்கியபோது, தமிழில் சொல்ல நான்தான் நின்றேன். "அதைச் சொல்லாதே" என்று மூத்த மாமா கண்ணால் காட்டினார். நான் முழுவதையும் சொன்னேன். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

உம்மும்மா அழவில்லை. "தானாக மலசலகூடம் போக முடியுமா? ஸுஜூது செய்ய முடியுமா?" என்று இரண்டு கேள்விதான் கேட்டார். இரவெல்லாம் பேசிய ஒருவருக்கும் இந்தக் கேள்விகள் தோன்றவில்லை! மூட்டு மாற்றிய பிறகு குந்தியிருக்கக் கூடாது. மூட்டு நழுவிவிடலாம் என்றார் வைத்தியர். எங்கள் வீட்டில் இருப்பதோ குந்தும் மலசலகூடம். அன்று மாலையே வாப்பா மேசனைக் கூட்டி வந்தார். உயரமான கொமட்டும் சுவரில் பிடிகம்பியும் பூட்டியாயிற்று. வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிட்டோம். தொழுவதற்குக் கைபிடி வைத்த கதிரை வந்துவிட்டது. நிற்க முடியாதவர் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு என்பது உம்மும்மாவுக்கும் தெரியும்; ஆனாலும் ஸுஜூதை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டார்.

பிறகு சாச்சியைக் கூப்பிட்டு, கொடுக்க வேண்டிய சீட்டுக்காசு எவ்வளவு, விடுபட்ட நோன்பு எத்தனை, வளையல் யாருக்கு என்று எழுதச் சொன்னார். "சின்ன ஒப்பரேசன்" என்ற பொய்யை நம்பியிருந்தால் இதற்கெல்லாம் அவருக்கு எங்கே நேரம்?

"பயந்து சீனி ஏறிவிடும்" என்பார்கள். மூன்று ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று கண் துடைக்கும்போது ஏறாத சீனியா? அறிய விரும்பாத நோயாளிகளும் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. விரும்புகிறாரா என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.

தோழியரே, வைத்தியசாலையில் மொழிபெயர்க்க நாளை உங்களையும் நிறுத்துவார்கள். வீட்டில் சிங்களமும் ஆங்கிலமும் படித்தவர்கள் நாம்தானே. பாதியை விழுங்கச் சொல்லிக் கண் காட்டவும் ஒருவர் இருப்பார்.

மூத்த மாமா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமை ஒப்பரேசன். சம்மதப் பத்திரத்தில் உம்மும்மா தானே ஒப்பமிட்டிருக்கிறார்.