என்னைத் தெரியுதா?

கடலூர் - பண்ருட்டி ரோட்டில் ஹெல்மெட் பெரும்பாலும் பெட்ரோல் டாங்க் மேல்தான் சவாரி போகிறது. தலை பாட்டுக்குக் காற்று வாங்குகிறது. நம்ம மேல்பட்டாம்பாக்கத்து அண்ணன் ஒருத்தர் அப்படிப் போய் விழுந்து, பிழைத்து, வீடு திரும்பினார் என்று வையுங்கள். உடனே சொந்தபந்தம் கூடி ஒரு பரீட்சை வைக்கும்.

"என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்!"

அண்ணன் முழிப்பார். சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று ஏதோ ஒரு பெயரை அடித்து விடுவார். வம்பே அங்கேதான் சார்! ஞாபகம் பழுதானவரை ஊகிக்க விட்டால், அந்தத் தப்பான விடைதான் மனசில் ஒட்டிக்கொள்ளும் என்று இங்கிலாந்தின் பேட்லியும் வில்சனும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே, கேள்வி வேண்டாம். "அண்ணே, நான் நெல்லிக்குப்பம் சித்தப்பா பையன்" என்று விடையையே சொல்லிவிடுங்கள்.

2012-ல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படம் பார்த்துச் சிரித்தோமே, அது நிஜமாக நடந்தது. நடந்தது ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு. அந்தப் படத்துக்கும் அவரேதான் கேமரா! அவருக்கு ஞாபகம் திரும்பியது. 2018-ல் '96' என்று பழைய ஞாபகங்களை வைத்தே ஒரு படமும் எடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படித் திரும்புவதில்லை.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர். 1953-ல் வலிப்புக்காக மூளையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் மனசில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னால், நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், முன்பு வரைந்ததே தெரியாமல்! தலை மறந்தாலும் கை பழகிக்கொள்ளும். அதனால் சாவிக்கு ஒரே ஆணி, மாத்திரைக்கு ஒரே டப்பா, ஒரே நேரம். தினமும் இடத்தை மாற்றி வைத்துவிட்டு "எங்க வச்சே?" என்று அதட்டக் கூடாது.

நான் பி.காம். மனக்கணக்கை நம்பாதே, டே-புக்கில் எழுது என்பதுதான் எங்கள் வேதம். அண்ணனுக்கும் ஒரு டே-புக் வாங்கிக் கொடுங்கள். 'காலை 8 மணி. இட்லி சாப்பிட்டாச்சு. மாத்திரை போட்டாச்சு.' அவர் கையாலேயே, அப்போதைக்கப்போதே எழுதட்டும். எழுத வேண்டும் என்பதே மறந்துபோகுமே? அதற்குத்தான் செல்போனில் அலாரம்.

"நான் சாப்ட்டேனா?" என்று பத்தாவது தடவை கேட்பார். உங்களுக்குத்தான் பத்து, அவருக்கு அது முதல் தடவை. எரிந்து விழாமல் நோட்டைக் காட்டுங்கள். நாலு நாளில் இல்லாவிட்டாலும் நாலு மாதத்தில் அவரே எடுத்துப் பார்க்கப் பழகலாம். யாரையும் கேட்காமல் தன் காலைப் பொழுதைத் தானே தெரிந்துகொள்வது எத்தனை பெரிய சௌகரியம்!

பேனாவை மட்டும் நோட்டோடு நூலில் கட்டிவிடுங்கள். பேங்க்கிலும் அப்படித்தானே கட்டி வைக்கிறார்கள்? நாம் கோபித்துக் கொள்கிறோமா என்ன!