டிவிடியைத் தூக்கி எறியாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதில் டிவிடி போடும் இடம் எங்கே இருக்கிறது?" என்பதுதான். சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பதால், உறவினர்களில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் முதல் போன் எனக்கு வந்துவிடும். "இப்போது வரும் லேப்டாப்களில் அது கிடையாது. தேவையும் இல்லை. எல்லாம் இன்டர்நெட்டிலேயே இருக்கிறது" என்று நானும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். திருநெல்வேலியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆண்டு அவருக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதில் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகளை சங்கர் நாக் இயக்கி, 1986ல் தூர்தர்ஷனில் வந்த தொடர். கர்நாடகாவில் உள்ள ஆகும்பே கிராமத்தைத்தான் மால்குடியாகக் காட்டினார்கள். சுவாமியாக நடித்த சிறுவன் மாஸ்டர் மஞ்சுநாத். சுவாமியின் அப்பாவாக வந்தவர் கிரீஷ் கர்னாட். எல்.வைத்தியநாதனின் இசையும், ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் சேர்ந்து வரும் அந்த டைட்டிலை அப்பா இன்றைக்கும் வாயாலேயே வாசித்துக் காட்டுவார். தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி. அதுவும் கறுப்பு வெள்ளை. அப்பாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபால்காரர் பாதி, அவர்களாக ஊகித்தது பாதி என்று பார்த்திருக்கிறார்கள்.

ஒரு ஆன்லைன் கடையில் அந்தத் தொடரின் பகுதிகள் விற்பனைக்கு இருந்தன. வாடகைக்கு என்று ஒரு பட்டன், 'வாங்கு' என்று ஒரு பட்டன். நான் 'வாங்கு' பட்டனைக் கிளிக் செய்து, பணமும் கட்டி, அப்பாவின் லேப்டாப்பில் என் அக்கவுண்ட்டைத் திறந்து கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு ஆண்டுகள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் இரவு போன். "தம்பி, சுவாமியைக் காணோம்டா" என்றார். நான் அவர் எதையோ அழுத்திவிட்டார் என்று நினைத்து, ஒரு மணி நேரம் போனிலேயே அதை அழுத்துங்கள், இதை அழுத்துங்கள் என்று படுத்தி எடுத்தேன். கடைசியில் என் மெயிலைத் திறந்து பார்த்தால், அந்தக் கடை வீடியோ விற்பனையை நிறுத்திவிட்டதாக மூன்று வாரம் முன்பே தகவல் அனுப்பியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. கட்டிய பணத்தில் ஒரு பகுதிக்குக் கூப்பன் தருவார்களாம். அப்பாவிடம் கூப்பனைப் பற்றிச் சொன்னபோது, "அதில் சுவாமி வருவானா?" என்று கேட்டார்.

கோபம் தணிந்த பிறகு, நான் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் செய்த நிபந்தனைகளை எடுத்துப் படித்தேன். அதில் தெளிவாகவே இருந்தது. நான் வாங்கியது தொடரை அல்ல. அதைப் பார்ப்பதற்கான அனுமதியை மட்டும்தான். அந்த அனுமதி, கடைக்கும் தொடரின் உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கும் வரைக்கும்தான். தினமும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிற எனக்கே இது உறைக்கவில்லை என்றால், நேற்று கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு எப்படி உறைக்கும்?

இது எனக்கு மட்டும் நடந்த கதை அல்ல. 2023 டிசம்பரில் சோனி நிறுவனம், பிளேஸ்டேஷன் கடையில் மக்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அந்த ஆண்டுக் கடைசியோடு அவர்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. புதிய ஒப்பந்தம் ஏற்பட்டதால் நீக்கம் நின்றது. ஆனால் வாங்கியவர் கையில் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2025 ஜனவரி 1 முதல், இப்படிப்பட்ட டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று சொல்லி விற்பவர்கள், இது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊரிலும் அந்த ஒரு வரியை எழுதச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சரி, 'டவுன்லோட்' செய்து வைத்துக்கொண்டால்? இங்கேதான் புதியவர்கள் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்ட்ரீமிங் அப்ளிகேஷனில் உள்ள டவுன்லோட் பட்டன், பைலை உங்கள் ஹார்ட் டிஸ்க்கிற்குக் கொண்டு வருவது உண்மைதான். ஆனால் அது பூட்டு போட்ட பைல். அந்த அப்ளிகேஷனில் மட்டும்தான் திறக்கும். பென் டிரைவில் காப்பி செய்து வேறு கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. குறிப்பிட்ட நாட்கள் முடிந்தாலோ, சந்தாவை நிறுத்தினாலோ செத்துவிடும். பூட்டு இல்லாத பைலாக, முறைப்படி விற்கும் இடம் கிடைத்தால் அதுவே எனக்கு முதல் தேர்வு. பாட்டுக்கு அப்படிப்பட்ட கடைகள் உண்டு. பழைய டிவி தொடர்களுக்கு மிகவும் அரிது. மற்றபடி, இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்ட தளங்களில் இறக்காதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வீடியோ என்று நினைத்து நீங்கள் கிளிக் செய்யும் பைலின் பெயர் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது வீடியோவே அல்ல, புரோகிராம். விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று வரிசையாகக் கிளிக் செய்து வைத்துக்கொண்டால் பைலின் முழுப் பெயரும் தெரியும்.

இன்னொரு விஷயம். தொடர் இருக்கிறதா இல்லையா என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. இருக்கிற தொடர் அதே தொடர்தானா என்று பார்க்க வேண்டும். பழைய டிவியின் படம் 4:3 என்ற அளவில், ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். இன்றைய மானிட்டர்கள் 16:9. பழைய படத்தை மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்குப் பொருத்தினால், உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை ஓடிய 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரை நெட்ஃபிளிக்ஸ் 2021ல் இப்படி அகலத் திரையில்தான் வெளியிட்டது. அதில் சாலையில் உள்ள ஒரு பள்ளத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பகுதியின் பெயரே 'பள்ளம்'. வெட்டியதில் அந்தப் பள்ளமே திரைக்கு வெளியே போய்விட்டது! தொடரின் டிவிடி வைத்திருந்தவர்கள் பள்ளத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனுக்கும் 2019ல் டிஸ்னி பிளஸ்ஸில் இதே கதிதான். ரசிகர்கள் சத்தம் போட்டதால், 2020 மே மாதம் பழைய அளவிலேயே பார்க்கும் வசதியைக் கொடுத்தார்கள். சத்தம் போட ஆள் இல்லாத தொடருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிவிடி என்றால் எல்லாம் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். ரேடியோ நிலையம் ஒன்றில் நடக்கும் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' என்ற அமெரிக்கத் தொடர் 1978 முதல் 1982 வரை வந்தது. காட்சிகளின் பின்னணியில் நிஜமான பாட்டுகள் ஓடும். 2007ல் அதன் முதல் சீசனை டிவிடியாக வெளியிட்டபோது, பாட்டுகளுக்கு உரிமைத் தொகை கட்ட முடியாமல் பலவற்றை எடுத்துவிட்டு ஏதோ ஒரு இசையைப் போட்டார்கள். 2014ல் வேறொரு நிறுவனம்தான் பெரும்பாலான பாட்டுகளைத் திரும்பப் பெற்று வெளியிட்டது. ஆகவே டிவிடி வாங்கும்போதும் எந்தப் பதிப்பு என்று விசாரித்து வாங்குங்கள். இதே பாட்டு உரிமைச் சிக்கலால் 'மூன்லைட்டிங்' தொடர் பல ஆண்டுகள் ஸ்ட்ரீமிங்கிற்கே வரவில்லை. 2023ல்தான் வந்தது. அதுவரை டிவிடி வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிபிசியின் 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பரில் தொடங்கிய தொடர். அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். மறுஒளிபரப்பு செய்வதற்கும் ஒப்பந்தக் கட்டுப்பாடுகள் இருந்தன. வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட் என்று ஒன்று வரும் என்று யாரும் நினைக்கவில்லை. எனவே 1970களின் கடைசி வரை பிபிசியே பழைய பகுதிகளை அழித்துவிட்டது. தயாரித்தவரே அழித்ததை யார் காப்பாற்றினார்கள் தெரியுமா? வெளிநாட்டு டிவி நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகள் அங்கங்கே தூங்கிக்கொண்டிருந்தன. 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக்கதை கிடைத்தது. நைஜீரியாவில் கண்டெடுத்த 9 பகுதிகளை 2013ல் வெளியிட்டார்கள். இதைவிடச் சுவையானது, 1960களில் சில சிறுவர்கள் டிவி பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்திருந்தது. படம் காணாமல் போன பகுதிகள் எல்லாவற்றிற்கும் ஒலி மட்டும் மிஞ்சியது இப்படித்தான். அந்த ஒலிக்கு கார்ட்டூன் படம் வரைந்து சேர்த்து 'பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையை 2016ல் வெளியிட்டார்கள். 2023 நவம்பரில் பிபிசி தன் ஐபிளேயர் தளத்தில் 800க்கும் மேற்பட்ட பகுதிகளை ஏற்றியது. ஆனால் முதல் கதை மட்டும் அதில் இல்லை. உரிமைப் பிரச்சினை. அந்த முதல் கதை 2006ல் வெளிவந்த டிவிடி தொகுப்பில் இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். நானே இரண்டு சந்தா கட்டுகிறேன். ஒரு முறை பார்த்துவிட்டு மறக்கப்போகிற தொடருக்கு டிஸ்க் வாங்குவது பணத்துக்கும் அலமாரிக்கும் கேடு. பிரசார் பாரதி தன் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் ஏற்றுகிறது. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஸ்ட்ரீமிங் தளத்தையும் தொடங்கியது. டிவிடியே வராத எத்தனையோ நிகழ்ச்சிகளை இதனால்தான் பார்க்க முடிகிறது. ஆனால் வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்ப்போம், பிள்ளைகளுக்குக் காட்டுவோம் என்கிற தொடர்கள் ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து இருக்கும். அவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். மறுநாள் அவரே பீரோவைக் குடைந்து, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைத்திருந்த மால்குடி டேஸ் டிவிடிகளைக் கண்டுபிடித்துவிட்டார். லேப்டாப்பில் டிரைவ் இல்லையே! ரிச்சி ஸ்ட்ரீட்டில் யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இணைத்தவுடன் டிஸ்க் சுற்றியது, படம் வரவில்லை. காரணம், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிவிடி படம் ஓட்டும் புரோகிராம் கூடவே வருவதில்லை. விஎல்சி மீடியா பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிப் பதிந்துகொண்டால் போதும். 'மீடியா' மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' என்பதைக் கிளிக் செய்திடவும்.

வெளிநாட்டிலிருந்து டிவிடி வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிவிடிகளுக்கு மண்டல எண் உண்டு. அமெரிக்கா 1, இங்கிலாந்து 2, இந்தியா 5. கம்ப்யூட்டர் டிரைவில் இந்த எண்ணை 5 முறைதான் மாற்ற முடியும். அதன் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்றுவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள். அதோடு, கடையில் அச்சிட்டு வந்த டிஸ்க்கைவிட நாமே வீட்டில் எழுதிய சிடி, டிவிடிகள் சீக்கிரம் கெட்டுப்போகும். கல்யாண வீடியோவை அப்படி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள். ஒன்றில் அல்ல, இரண்டில்.

அப்பாவின் டிஸ்க்குகளில் மூன்றாவது மட்டும் கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடுகிறது. துடைத்துப் பார்த்தேன், வேறு டிரைவிலும் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. சென்னையில் பழைய டிஸ்க் விற்கும் கடைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்பா அதுவரை முதல் டிஸ்க்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். இந்தி இன்னும் புரியவில்லையாம்.