ஏற்றப் பாட்டும் அதன் கணக்கும்

உழைப்பாளர் பாடும் பாட்டு பிரயாசையை மறப்பதற்காகவே பிறந்தது என்னும் அபிப்பிராயம் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவந்தாலும், ஏற்றப் பாட்டைச் சற்றே கூர்ந்து கேட்பவர்க்கு அது பாதி உண்மையென்றே தோன்றும். கிணற்று நீர் இறைக்கும் ஏற்றத்தின் நீண்ட மரமாகிய துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, கிணற்றடியில் நிற்பவர் நீர் முகக்கும் பாத்திரமாகிய சாலைப் பிடித்துக் கவிழ்க்க, இருவருடைய மூச்சையும் ஒரே தாளத்தில் இசைத்துவைப்பது அந்தப் பாட்டுத்தான். பிள்ளையாரை வணங்கித் தொடங்கி, இறைத்த சாலின் எண்ணிக்கையை அடிதோறும் சொல்லிக்கொண்டே போவதனால், வயலுக்குப் பாய்ந்த நீருக்கு அதுவே கணக்குப் புத்தகமாகவும் அமைந்தது. கம்பரே ஏற்றக்காரனின் பாட்டைக் கேட்டு வியந்து நின்றார் என்ற கர்ணபரம்பரைக் கதை சரித்திரமோ அன்றோ, அதை வழங்கிய ஜனங்கள் தங்கள் பாட்டைக் காவியத்துக்குத் தாழ்ந்ததாகக் கருதவில்லை என்பது நிச்சயம்.

இத்தகைய நாட்டுப் பாடல்களைத் திரட்டியவர்களுள் ஒருவரான பெர்சி மாக்வீனின் தொகுப்பைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958-இல் ‘மலையருவி’ என வெளியிட்டது நன்றியுடன் நினைக்கத்தக்க தொண்டு. ஆனால் சொற்களை அச்சேற்றினால் பாட்டு பிழைத்துவிட்டதாக நாம் திருப்தியடைந்துவிட்டது தவறென்றே கருதுகிறேன். மின்சாரப் பம்புகள் வந்து ஏற்றம் நின்றுபோன பின், எந்த அடிக்கு எந்தக் காலை முன்வைத்தார்கள், எந்த இடத்தில் சால் கவிழ்ந்தது என்பதைச் சொல்லவல்லோர் முதியோர் சிலரே. ஆதலின் சர்வகலாசாலைகள் தாமதமின்றி ஒரு கிணற்றில் ஏற்றத்தை மறுபடி நாட்டி, அவர்களை அழைத்துத் தக்க கூலி கொடுத்து, வேலையோடு பாட்டைப் படம்பிடித்து, பாடியவர் பெயரையும் ஊரையும் தவறாது குறித்துவைக்க வேண்டும்.