கிழித்த பக்கத்தை நாமே எழுதுவோம்

"சேரிப் பிள்ளைக்கு எதுக்குய்யா அமெரிக்க வரலாறு? கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்குடு, பாஸ் பண்ணட்டும்."

காரைக்கால் பகுதியில் மாலைப் படிப்பகம் நடத்தும் தோழர்கள் இந்த வார்த்தையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சொல்பவர் எதிரி இல்லை. நம் சித்தப்பா, நம் தெருப் பெரியவர், சில நேரம் நம் இயக்கத் தோழரே. அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு சரணாகதி இருக்கிறது. உலகத்தைப் பற்றி யோசிப்பது அடுத்தவன் வேலை, பாஸ் மார்க் வாங்குவது மட்டும் நம் வேலை என்று ஒத்துக்கொள்கிற சரணாகதி. அதை நாம் ஏற்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கென்று தனிப் பாடத்திட்டம் கிடையாது. காரைக்கால் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடநூல்களைத்தான் படித்துவந்தார்கள். 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளை சிபிஎஸ்இக்கு மாற்றத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 10, 12ஆம் வகுப்புகளும் போயின. இதில் நாம் இழந்தது என்ன? தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் அயோத்திதாசர் இருக்கிறார், இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார், எம்.சி. ராஜா இருக்கிறார். நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் இப்போது இல்லை.

சரி, பதிலுக்குக் கிடைத்தது என்ன? என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அரசியல் நூலில் ஜனநாயகமும் பன்முகத்தன்மையும் பற்றி ஒரு பாடம் இருந்தது. 1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் நடந்த சம்பவத்தோடு அது தொடங்கும். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸ் ஆகிய இரண்டு கறுப்பின அமெரிக்கர்களும் ஷூ போடாமல் கறுப்பு சாக்ஸோடு மேடை ஏறினார்கள். அவர்கள் நாட்டு தேசிய கீதம் ஒலிக்கும்போது கறுப்புக் கையுறை மாட்டிய முஷ்டியை உயர்த்தினார்கள். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் வெள்ளையர். அவரும் மனித உரிமைச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அவர்களோடு நின்றார். பாடம் இதோடு முடியவில்லை. அமெரிக்காவில் கறுப்பர்கள் வறுமையிலும் ஒதுக்கலிலும் இருப்பதையும், இந்தியாவில் தலித்துகள் வறுமையிலும் நிலமின்மையிலும் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது.

2022இல் சிபிஎஸ்இ அந்தப் பாடத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2023இல் என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்தே தூக்கிவிட்டது. பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம். அமெரிக்க மேலாதிக்கம் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த பாடமும் அதே கத்தரிக்குப் பலியானது. நம் பிள்ளைகள் சிபிஎஸ்இ வகுப்பறைக்குள் நுழைந்தபோது, அவர்களைப் பற்றிய பக்கம் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது. இங்கே மட்டுமா? 2005-06இல் கலிபோர்னியாவின் பள்ளிப் பாடநூல்களில் சாதி பற்றிய பகுதிகளை மாற்றச் சொல்லி இந்துத்துவ அமைப்புகள் மல்லுக்கு நின்றன. அமெரிக்கப் பிள்ளை நம்மைப் பற்றிப் படிக்கக் கூடாது, நம் பிள்ளை அமெரிக்கக் கறுப்பரைப் பற்றிப் படிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்துகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்று, பாஸ் மார்க் போதும் என்று சொல்லும் நம் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை.

கிழித்த பக்கத்தை ஒட்டித் தரும்படி மனு கொடுப்போம், போராடுவோம். அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. 20 ரூபாய்க்கோ 30 ரூபாய்க்கோ ஒரு நோட்டு வாங்கி அந்தப் பக்கத்தை அவர்களே எழுதட்டும். நான் சொல்வது ஆய்வு நோட்டு. ஸ்டேஷனரி கடையில் மார்ட்டின் லூதர் கிங் படம் வாங்கி ஒட்டி, இணையத்திலிருந்து நாலு பத்தி இறக்கி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போட்டு, கடைசி நாள் ராத்திரி அம்மா முடித்துக்கொடுக்கும் 'ப்ராஜெக்ட்' வேறு. அதில் பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுகூட இருக்காது. மதிப்பெண் போட்டதும் அது பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

ஆய்வு நோட்டுக்கு விதிகள் கொஞ்சம்தான். இடது பக்கம் அங்கே நடந்தது: நாள், ஊர், யார், என்ன. அதற்குக் கீழே, இதை எனக்கு யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டு வரி. வலது பக்கம் இங்கே நடந்தது, அதே விவரங்களோடு. பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி. பதில் தெரிந்த கேள்வியாக இருக்கக் கூடாது.

எடுத்துக்காட்டுக்கு 1968 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 1, மெம்பிஸ் நகரம். குப்பை லாரியின் அரைக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் நசுங்கிச் செத்தார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்த வாசகத்தின் பொருள், நானும் ஒரு மனிதன் என்பதுதான். அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் 'கனவு கண்டவர்' என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் எந்தப் புத்தகமும், அவர் சாகும்போது குப்பை அள்ளுகிறவர்களின் கூலிக்காக நின்றார் என்பதை அழுத்திச் சொல்வதில்லை. அக்டோபரில் மெக்சிகோ. டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி.

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் வெண்மணி. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட ஊர். மெம்பிஸையும் வெண்மணியையும் எதிரெதிர்ப் பக்கங்களில் தன் கையால் எழுதிய பிள்ளை, கூலியும் மானமும் ஒரே சண்டை என்பதை யாரும் பிரசங்கம் செய்யாமலே புரிந்துகொள்வாள்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு ஜோடி. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். முழுக்க வெள்ளையர்களே அமர்ந்திருந்த ஜூரி, குற்றவாளிகளை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆலோசித்து விடுவித்தது. மறு ஆண்டு அந்தக் கொலைகாரர்களே காசு வாங்கிக்கொண்டு பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தில் 1973: கீழ் நீதிமன்றம் தண்டித்த வெண்மணி வழக்கின் நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற வாதம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. இரண்டையும் படித்த மாணவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நீதிமன்றம் யாருடைய சொல்லை நம்புகிறது? சட்டக் கல்லூரிக்குப் போகும் முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. எம்மெட்டின் தாய் மகனின் சிதைந்த முகத்தை உலகமே பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்துவைக்கச் சொன்னார். அந்தப் புகைப்படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். அந்தத் தாய் ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொன்னால் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ரூபி பிரிட்ஜஸ் இருக்கிறாள். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். ஆறு வயதுச் சிறுமி அரசுக் காவலர்கள் சூழ வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தாள். வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். வலது பக்கம் 2018, திருப்பூர் மாவட்டம். அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர்கள் தகராறு செய்த ஊர். இந்த இரண்டையும் ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையாலும் எழுத முடியும்.

அமெரிக்கா எங்கோ இருக்கிறது என்று இன்னமும் சொல்பவர்களுக்குக் காரைக்கால் துறைமுகத்தைக் காட்டுங்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1850களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்க் கூலிகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கறுப்பின அடிமை விட்ட மண்வெட்டியை நம் ஊர் ஆள் பிடித்தான். அந்தக் கடல் வழி நம் வாசலில் தொடங்குகிறது. 1954ஐப் பாருங்கள். மே 17 அன்று, பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அந்த ஆண்டு பள்ளிக்கூட வயதில் இருந்த அப்பாயிகள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். "பள்ளிக்கூடம் போனீங்களா அப்பாயி? எங்க உக்கார வச்சாங்க? தண்ணி எப்படிக் குடிச்சீங்க?" பேத்தி கேட்டு எழுதட்டும். சமத்துவம் என்று கட்டடத்தில் எழுதிவைத்த பிரெஞ்சு ஆட்சியில் சேரி எங்கே இருந்தது என்பதற்கு அவர்தான் சாட்சி. அவர் போய்விட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

இப்படிக் குறித்துவைப்பது நமக்குப் புதிய பழக்கமில்லை. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். எதற்கு? நம் மக்களும் அந்த வழியில் போகலாமா என்று பார்க்க. டூபாய்ஸ் பதில் எழுதினார். அமெரிக்க வரலாற்றை அண்ணல் பொழுதுபோக்குக்குப் படிக்கவில்லை, ஆயுதம் தேடிப் படித்தார். டூபாய்ஸும் அப்படித்தான். 1910இல் அவர் தொடங்கிய 'தி கிரைசிஸ்' இதழ், கும்பல் கொலைகளை எண்ணி எண்ணி அச்சிட்டது. யாரும் எண்ணாத பிணங்களை நாமே எண்ண வேண்டும் என்பது அங்கிருந்து வரும் பாடம். 1964 கோடையில் மிசிசிப்பியில் நடந்த விடுதலைப் பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் படித்தார்கள். கேள்வி கேட்பதே அங்கே பாடத்திட்டம். பிள்ளைகள் சொந்தமாகச் செய்தித்தாள் எழுதி அச்சடித்தார்கள். நம் படிப்பகத்துக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் இதோ இருக்கிறது.

நம் தெருக் கொடிக்கம்பத்தில் சிறுத்தை என்ற சொல்லைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகளையும், அதைப் பார்த்து 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்களையும், 1980களில் அது மதுரைக்கு வந்த கதையையும் சொல்லியிருக்கிறோமா? கொடி பிடிக்கக் கூப்பிடத் தெரிந்த நமக்கு, கொடியின் கதையைச் சொல்ல நேரமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அமெரிக்காவைச் சொர்க்கமாகவும் எழுத வேண்டாம், அங்கே போன இந்தியர் எல்லாரையும் நம் ஆளாகவும் எழுத வேண்டாம். 1923இல் பகத் சிங் திண்ட் என்பவர், தான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன், குடியுரிமை கொடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். கறுப்பர்களின் போராட்டம் உருவாக்கிய சூழலில் 1965இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் ஆதிக்கச் சாதியினர். போனவர்கள் சாதியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட வேண்டிவந்தது.

இரண்டு, ஆதாரம் கேட்கும் பழக்கம் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும். அண்ணல் 64 பாடங்களில் முதுகலைப் பட்டம் பெற்றார் என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். கொலம்பியாவில் எம்.ஏ., பிஎச்.டி., லண்டனில் எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர் பட்டம். உண்மையே மலையளவு இருக்கும்போது பொய்யை ஏன் ஒட்டவைக்க வேண்டும்? ஃபார்வர்டை நம்பிப் பழகிய பிள்ளை, நாளைக்கு எதிரியின் ஃபார்வர்டையும் நம்புவாள்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடு என்ற சித்தப்பாவுக்கும் பதில் இருக்கிறது. அண்ணலின் அந்தக் கடிதம் ஒரு பக்கம்கூட நீளாது, இணையத்தில் எவரும் பார்க்கலாம். வாரம் ஒரு பத்தி, நோட்டின் பின்பக்கத்தில் அகராதி. தன்னைப் பற்றிய விஷயம் என்று தெரிந்தால் பிள்ளை இங்கிலீஷை முட்டி மோதியாவது படிப்பாள்.

கல்லூரித் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் கேட்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு படிப்பகம், பத்துப் பிள்ளைகள், பத்து நோட்டு. 1968லிருந்து தொடங்குங்கள். டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குப் போகும்போது அந்த நோட்டுகளோடு பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அங்கே மேடையில் பேச நம்மிடம் ஆள் நிறைய இருக்கிறார்கள். இந்த முறை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை மெம்பிஸ் பக்கத்தையும் வெண்மணிப் பக்கத்தையும் படித்துக் காட்டட்டும். நாம் கீழே உட்கார்ந்து கேட்போம்.

ஜெய்பீம்.