பூட்டிய கடைகள்

கல்லடியில் ஒரு கடை பூட்டிக் கிடந்தால், அங்கே அடுத்து என்ன வரவேண்டும் என்று நாம் பேசத் தொடங்கிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் சிறு வியாபாரிகள் பலர் கதவடைத்தபின் இப்பேச்சுக்குப் பஞ்சமேயில்லை.

குளிர்களிக் கடை வந்தால் கடற்கரைக்கு வருவோர் காசு செலவிடுவர் என்பது இளைஞர் கணக்கு. தவறில்லை. வீட்டுப் பெண்கள் கேட்பதோ மா அரைக்கும் ஆலையும் இரவிலே திறந்திருக்கும் மருந்துக்கடையும்.

நாம் பெண்கள் பக்கம். 1924இல் திறந்த லேடி மனிங் பாலத்திலே ஒரு வாகனம் போக மற்றது காத்து நிற்கும். 2013இல் அருகே அகன்ற புதுப்பாலம் வந்தது. மட்டக்களப்பு நகரம் கிட்டிவிட்டது. புடைவையும் நகையும் அங்கே வாங்கலாம். ஊறவைத்த அரிசியைச் சுமந்துகொண்டு பாலம் கடப்பது யார்? நள்ளிரவிற் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்?

கட்டட உரிமையாளரோ கூடிய முற்பணம் தருபவருக்கே திறப்பைக் கொடுக்கிறார். அவருக்கும் குடும்பம் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் பேச்சுக்கு அவரை ஒருநாளாவது அழைத்தோமா?