எத்தனை ஊர்? எத்தனை ராத்திரி?

ஏழாவது செமஸ்டர் வந்தாலே ஒவ்வொரு கிளாஸ் குரூப்பிலும் ஒரு பி.டி.எஃப். வந்து விழும். தாஜ்மஹால், ஹவா மஹால், பனிமலை, ஒட்டகம் எல்லாம் ஒரே பக்கத்தில். கீழே ‘டெல்லி – ஆக்ரா – ஜெய்ப்பூர் – குலு – மணாலி, 10 நாட்கள்’. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஏஜென்ட்டோட பி.டி.எஃப். வரும். அதே பத்து நாள்தான், ஆனால் அமிர்தசரஸும் சேர்த்தி. உடனே குரூப்பில் ஓட்டெடுப்பு. எந்த பேக்கேஜில் ஊர் அதிகமோ அது ஜெயிக்கும். பத்து நிமிஷத்தில் முடிவு, அடுத்த வாரம் அட்வான்ஸ்.

மக்களே, இந்த வருஷமாவது ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. எத்தனை ஊர்னு எண்ணி டூரைத் தேர்ந்தெடுக்கறது தப்பு என்பது என் கருத்து. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை ராத்திரி தங்கறோம், அந்த ஊர்களுக்குள்ள என்ன தொடர்பு, இந்த ரெண்டைத்தான் பார்க்கணும். ஏன்னு தெரிஞ்சுக்க டெல்லி வரைக்கும் போக வேண்டாம். நம்ம காலேஜ் பஸ் தினமும் கடந்து போற காஞ்சிபுரத்தைப் பார்த்தாலே போதும்.

காஞ்சிக்கு வர்றவங்க என்ன பார்க்கிறாங்க?

தென்னிந்தியா பேக்கேஜில் காஞ்சிபுரம் எப்பவுமே ‘அரை நாள்’தான். சென்னையில் இருந்து சுமார் 75 கிலோமீட்டர். காலையில் கிளம்பின வண்டி ஒன்பதரை, பத்து மணிக்கு ஊருக்குள் நுழையும். பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்திடுவாங்க, திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். ஆக, கையில் இருக்கறது ரெண்டு ரெண்டரை மணி நேரம். அதுக்குள்ள ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள், கைலாசநாதர் நாலையும் முடிக்கணும். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்துக்கு முன்னாடி ஒரு செல்ஃபி. வரதர் கோயில் மண்டபத்துக் கல் சங்கிலிக்கு ஒரு போட்டோ. முடிஞ்சது.

அப்புறம் பட்டுக்கடை. இங்கே மட்டும் யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. கடை ஓரத்தில் ஒரு தறி, அதில் அஞ்சு நிமிஷ ‘டெமோ’, பிறகு ஒன்றரை மணி நேரம் புடவை. நடை சாத்திட்டா வெளியே வந்தே ஆகணும், கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வண்டி கூட்டிட்டு வர்றவங்களுக்குக் கமிஷன் தர்ற கடைகள் உண்டு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. மூணு மணிக்கு வண்டி மாமல்லபுரம் கிளம்பிடும். அந்தப் பயணி ஊருக்குப் போய் ‘காஞ்சிபுரம் பார்த்தாச்சு’ என்பார்.

அவர் எதைப் பார்க்கலைன்னு நமக்குத் தெரியும். கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டினது. உள்ளே மதிலை ஒட்டி 58 சின்னச் சின்னச் சன்னதிகள். சில மாடங்களுக்குள் குனிஞ்சு பார்த்தா பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் தெரியும். ஒவ்வொன்றா நின்னு பார்க்கவே ஒரு மணி நேரம் வேணும். வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு டூர் வண்டி பெரும்பாலும் போகவே போகாது. அங்கே பிரகாரச் சுவர் முழுக்கப் பல்லவ வம்சத்தின் வரலாறு வரிசையா சிற்பமா ஓடுது. பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தனைத் தூரத்தில் இருந்து கூட்டி வந்து அரசனாக்கின கதை அதில் இருக்கு. அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன், அந்தக் கோயிலைக் கட்டினவன். ஊரை ஒட்டியே திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில், அதன் விதானம் முழுக்க ஓவியம். இது ‘கோயில் நகரம்’ என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கற ஊர் இல்லை.

தறியும் அப்படித்தான். கடை டெமோவில் தெரியறது ஒருத்தர் உட்கார்ந்து நெய்யறது மட்டும். பிள்ளையார்பாளையம் தெருவில் நடந்தா வீட்டுக்குள்ள இருந்து தறிச் சத்தம் கேட்கும். கோர்வைப் புடவைன்னா உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். அதுக்கு ரெண்டு கரைக்கும் உடலுக்கும்னு மூணு நாடா ஓடணும். நெய்யறவர் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து ஒரு பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்கணும். ஊடை ஒவ்வொன்றும் கரை நூலோடு கோத்துக்கணும், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு புடவைக்கு நாள் கணக்கில் ஆகும். நூல் கர்நாடகத்தில் இருந்தும், ஜரிகை குஜராத்தின் சூரத்தில் இருந்தும் வருது. இதைப் பார்க்கணும்னா ஒரு காலைப் பொழுது வேணும், தறிக்காரரோட பேச நேரம் வேணும். பேக்கேஜில் அந்த நேரத்துக்கு இடமே கிடையாது.

இப்ப நேரா கேட்கிறேன். நம்ம ஊரை அரை நாளில் ‘முடிக்கிற’ அதே ஃபார்முலா ஜெய்ப்பூருக்கும் டெல்லிக்கும் மட்டும் வேற மாதிரி இருக்குமா?

அந்தப் பத்து நாளைக் கூட்டிப் பாருங்க

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்குப் போடுவோம். சென்னையில் இருந்து டெல்லி சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 33 மணி நேரம். முதல் நாள் ராத்திரி ஏறினா மூணாம் நாள் காலையில் டெல்லி. பத்தாம் நாள் காலையில் சென்னை திரும்பணும்னா எட்டாம் நாள் ராத்திரி அங்கே ரயில் ஏறணும். ஆக, ‘10 நாட்கள்’ என்று போட்டிருக்கிற டூரில் வட இந்தியாவில் இருக்கப் போறது ஆறு பகல், அஞ்சு ராத்திரி.

அதில் டெல்லி – மணாலி சுமார் 530 கிலோமீட்டர், மலைப்பாதை. போக ஒரு ராத்திரி பஸ், வர ஒரு ராத்திரி பஸ். மிச்சம் மூணு ராத்திரி. ஆக்ராவில் ஒண்ணு, ஜெய்ப்பூரில் ஒண்ணு, மணாலியில் ஒண்ணு. மொத்த ஒன்பது ராத்திரியில் நாலு ரயிலில், ரெண்டு பஸ்ஸில், மூணே மூணு படுக்கையில். டெல்லியில் ஒரு ராத்திரிகூடத் தங்கல. ஆனால் ‘டெல்லி’ லிஸ்ட்டில் இருக்கும். இதில் அமிர்தசரஸையும் சேர்த்தா என்ன ஆகும்னு நீங்களே கூட்டிக்கோங்க.

கிழமையும் முக்கியம். தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும். ஒரே ஒரு நாள் இருக்கிற ஊரில் அந்த நாள் இப்படிப்பட்ட கிழமையா அமைஞ்சா, வாசலில் நின்னு போட்டோ எடுத்துட்டு வர வேண்டியதுதான். ரெண்டு நாள் இருந்தா மாத்திக்கலாம்.

ஒரு நூலைப் பிடிச்சுப் போங்க

சரி, வேற என்ன பண்றதுன்னு கேட்பீங்க. இவ்வளவு பெரிய நாட்டை எந்த டூரிலும் ‘கவர்’ பண்ண முடியாது. அதனால் ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டு அது போற வழியில் போகலாம். அப்படி ஒரு நூல் நம்ம கைலாசநாதர் கோயிலிலேயே தொடங்குது.

642இல் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பிடிச்சான். சுமார் நூறு வருஷம் கழிச்சு சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சான். பழிக்குப் பழி வாங்கியிருக்கலாம். ஆனால் அவன் கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துட்டான். அதைச் சொல்ற கன்னடக் கல்வெட்டு இன்னும் அந்தக் கோயில் தூணில் இருக்கு. அந்த வெற்றியின் நினைவா அவனுடைய ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டின விருபாட்சர் கோயிலில் நம்ம கைலாசநாதர் சாயல் நல்லாத் தெரியும். அந்த விருபாட்சர் கோயிலின் அமைப்பு அடுத்து எல்லோராவுக்குப் போச்சு. ராஷ்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் ஒரே மலையை மேலே இருந்து கீழே குடைஞ்சு செதுக்கின கைலாசக் கோயில் அதுதான். காஞ்சி, பட்டடக்கல், எல்லோரா: ஒரே டிசைன், மூணு ராஜ்ஜியம், ரெண்டு கட்டுமான முறை.

இப்ப இதை டூராக்குங்க. வாதாபிதான் இன்றைய பாதாமி, கர்நாடகத்தில். ஹூப்ளி, கதக் பக்கம் இருந்து ரயில் பாதை பாதாமி, விஜயபுரா, சோலாப்பூர் என்று வரிசையா போகுது. பாதாமியில் ரெண்டு ராத்திரி. குடைவரைகள் ஊருக்குள்ளேயே இருக்கு. பட்டடக்கல் சுமார் இருபது கிலோமீட்டர், ஐஹொளெயும் பக்கம்தான். அடுத்து விஜயபுராவில் ஒரு ராத்திரி. அங்கே 1656இல் முடிச்ச கோல் கும்பஸ், வெளிவிட்டம் சுமார் 44 மீட்டர் உள்ள குவிமாடம், உள்ளே தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது. சிவில் மக்கள் அங்கேயே உட்கார்ந்துடுவாங்க. மேலே சுற்று மாடத்தில் ஒரு பக்கம் ரகசியம் பேசினா எதிர்ப்பக்கம் கேட்கும், அதுக்கு எல்லா டிபார்ட்மென்ட்டும் வரும். கடைசியா ஔரங்காபாத், இப்போதைய பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். அங்கே மூணு ராத்திரி தங்கி எல்லோரா ஒரு நாள், அஜந்தா ஒரு நாள். எல்லோரா செவ்வாயும் அஜந்தா திங்களும் மூடியிருக்கும், அதுக்கேத்த மாதிரி தேதி வைக்கணும். போக ஒரு ராத்திரி, வர ரெண்டு ராத்திரி ரயில். மொத்தம் அதே பத்து நாள்தான், ஆனால் ஆறு ராத்திரி படுக்கையில்.

கல் பிடிக்கலையா, பட்டு நூலைப் பிடிங்க. சென்னையில் இருந்து அகமதாபாத் போற நவஜீவன் எக்ஸ்பிரஸ் சூரத் வழியாத்தான் போகும். நம்ம ஜரிகை வர்ற ஊரைப் பார்த்துட்டு அகமதாபாத்தில் நாலு ராத்திரி தங்கினா, ஒரு நாள் பாட்டன் போகலாம். பாவு, ஊடை ரெண்டுக்கும் முன்கூட்டியே சாயம் கட்டி நெய்யற பட்டோலா அங்கேதான். நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிற ராணி கி வாவ் படிக்கிணறும் அங்கேதான். கோர்வை தெரிஞ்ச ஊர்க்காரங்க பட்டோலாவைப் பார்க்கிற பார்வையே வேற.

‘லைஃப்ல ஒரே தடவைதான்பா!’

இந்தப் பதில் வரும்னு தெரியும். இதை நான் லேசா எடுத்துக்கல. நம்மில் நிறையப் பேருக்குத் தமிழ்நாட்டைத் தாண்டிப் போற முதல் பயணம் இது. பல பெண்களுக்கு, காலேஜ் கூட்டிட்டுப் போறதால மட்டும் வீட்டில் சரின்னு சொன்ன பயணம். ‘தாஜ்மஹாலைப் பார்க்காம வந்தா எப்படி?’ என்ற கேள்வி நியாயமானது. அப்ப தாஜ்மஹாலுக்கே போங்க. ஆனால் மணாலியை விடுங்க. டெல்லியில் ரெண்டு, ஆக்ராவில் ஒண்ணு, ஜெய்ப்பூரில் ரெண்டுன்னு அஞ்சு ராத்திரியும் ஒழுங்கா அமையும். பனிதான் வேணும்னா மணாலிக்கு மட்டும் போய் மூணு ராத்திரி இருங்க. ஒரே தடவைதான் போகப் போறோம் என்றால், அந்த ஒரு தடவையை பஸ் சீட்டில் கழுத்து வலியோட தூங்கிக் கழிக்கலாமா?

‘டூர் ஜாலிக்குத்தானே, வரலாறு எதுக்கு?’ என்பவர்களுக்கும் அதே பதில்தான். ஜாலி எப்ப நடக்கும்? சாயங்காலம் சும்மா இருக்கும்போது. முன்பின் தெரியாத ஊர்க் கடைத்தெருவில் நாலு பேர் சேர்ந்து சுத்தும்போது. ‘ஏழு மணிக்கு பஸ் கிளம்பிடும், சீக்கிரம்’ என்று விசில் அடிக்கிற டூரில் அதுக்கு நேரமில்லை.

குரூப்பில் பேசாதவங்க

கடைசியா, இதுதான் எனக்கு முக்கியமாப் படுது. ஓட்டெடுப்பில் பதிலே போடாத அஞ்சாறு பேர் ஒவ்வொரு கிளாஸிலும் இருப்பாங்க. ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ன்னு நினைச்சுக்கறோம். வீட்டில் பணம் கேட்க முடியாதவங்க அதில் இருக்காங்க. தறி வீட்டுப் பிள்ளைகளும் நம்மோட படிக்கிறாங்க. ஊர் கூடக் கூட வண்டி வாடகை கூடும், அப்படி ஏறுகிற ஒவ்வொரு ஆயிரமும் இவங்களில் யாரையாவது லிஸ்ட்டில் இருந்து எடுத்துடும்.

அதனால் முதல் ஓட்டெடுப்பு ஊருக்கு வேண்டாம், பட்ஜெட்டுக்கு வைங்க. யார் என்ன சொன்னாங்கன்னு தெரியாத மாதிரி ஒரு ஃபார்மில் வைங்க. வந்த தொகையில் குறைஞ்சதை ஒட்டி டூரைப் போடுங்க. கல்விச் சுற்றுலாவுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணச் சலுகை ரயில்வேயில் இருக்கு. காலேஜ் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். நிறைய பேட்ச் இதைக் கேட்கறதே இல்லை.

அப்புறம் ஏஜென்ட்டிடம் நாலே கேள்வி. எந்த ராத்திரி எங்கே தூங்கறோம்? எந்த இடத்துக்கு எந்தக் கிழமை? ‘ஷாப்பிங்’ என்று எத்தனை மணி நேரம், அந்தக் கடையை யார் தேர்ந்தெடுத்தது? நுழைவுச் சீட்டும் மதியச் சாப்பாடும் விலையில் சேர்த்தியா? நாலுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை வேணும்னா, வர்ற சனிக்கிழமை ஹாஸ்டல் நண்பர்களைக் கூட்டிட்டுக் காஞ்சிக்கு வாங்க. காலையில் கைலாசநாதர், அடுத்து வைகுண்டப் பெருமாள், நடை சாத்தின பிறகு பிள்ளையார்பாளையம். ரெண்டு கோயிலும் ஒரு தெருவும் மட்டும்தான். சாயங்காலம் திரும்பிப் போய் குரூப்பைத் திறந்து, அந்த பி.டி.எஃப்.-ஐ இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க.